பொம்பிளைத் துறையில் மீன் கூடு

மருதடிக்குளம்,
கிண்ணியா.
18.06.1979

அன்பு மகன் அபூதாஹிருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மீன் வளர்ப்புப் படிக்கப் போன அந்தப் பிலிப்பைன் தேசத்தில் நீ நோய்நொடி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே வாப்பா சுகம், தங்கச்சி ஸுல்பிகா வயிற்றுப் பிள்ளையோடு சுகம், மாடு கன்று கோழி எல்லாம் சுகம். என் சுகத்தைக் கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி, உம்மா ஏசுகிறா என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே. வழமையாக நான் சொல்லச் சொல்ல வாப்பா எழுதுவார், இந்த முறை அவருடைய கையில் பேனையைக் கொடுக்கவில்லை, கொடுத்தால் நான் சொல்வதை விட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதை எழுதிவிடுவார். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், குளத்தில் மீன் கூடுகள் நல்லாய் மிதக்குதா, குஞ்சுகள் வளருதா, ஊரில் எல்லாருக்கும் சந்தோசமா என்று. கூடு மிதக்குது மகன், ஒரு குறையும் இல்லை. உன் உம்மாதான் ஊருக்குள் தலைகாட்ட ஏலாமல் இருக்கிறேன்.

நடந்ததை முதலில் இருந்து சொல்லுகிறேன், காரணம் சொல்லாமல் ஏசினாள் என்று நீ பிறகு சொல்லக் கூடாது. மாரி முடிந்த கையோடு திருகோணமலையில் இருந்து இராஜநாயகம் என்கிற மீன்பிடி ஐயா வந்தார், நீதான் அவருக்கு எங்கள் குளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மனிதர், எங்கள் வீட்டில்தான் சோறு தின்றார், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரும் உன் சாச்சா ஸஹாப்தீனும் மீன்பிடிச் சங்கத்து ஆட்களும் வள்ளத்தில் ஏறி, பொம்பிளைத் துறைப் பக்கத்தை மட்டும் விட்டு, கயிற்றில் கல்லைக் கட்டிக் குளம் முழுக்க இறக்கி ஆழம் பார்த்தார்கள். மதகடி ஆழம்தான், ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறந்தால் மளமளவென்று வற்றும், கூடு சேற்றில் குந்திவிடும் என்றார் அந்த ஐயா. நடுக்குளத்தில் போட்டால் கச்சான் காற்றுக்கு அலை எழும்பி வலையைக் கிழிக்கும் என்றார். மேற்குப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் பட்ட மரக்கட்டைகள், வலை சிக்கும். கடைசியில் அக்கரையில் காட்டோரம் இருக்கிற வெட்டுக்கல் மூலையைப் பார்த்து, இது நல்லம், ஆழமும் இருக்கு, காத்துக்கு மறைப்பும் இருக்கு, இதையே எடுங்கோ என்று சொன்னவர். உன் சாச்சாவின் முகம் வெந்நீர் பட்ட மாதிரிச் சுருங்கிப் போச்சாம். அங்கே போவதென்றால் காலையும் மாலையும் வள்ளம் வலிக்க வேணும், காவல் இருக்க வேணும், பொழுதுபட்டால் ஆனை இறங்குகிற இடம். அப்படி மெய்முறிந்து வேலை செய்ய எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு எங்கே நேரம், அவர்கள் போய்விட்டால் கடையடியில் இருந்து கதைக்கிறது யார். அதனால் வேறு இடம் ஏதும் இருக்கா, ஊருக்குக் கிட்டவாய் இருக்க வேணும் என்று உனக்கு எழுதிக் கேட்டார்கள். நீயும் வாய் புளிச்சதோ மாங்காய் புளிச்சதோ என்று பாராமல் எழுதி அனுப்பிவிட்டாய்.

உன் கடிதத்தை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு பள்ளி முற்றத்தில் வைத்துச் சாச்சா உரத்து வாசித்திருக்கிறார். வாப்பா வந்த வரத்தைப் பார்க்க வேணும், மாப்பிள்ளை மாதிரி வந்தார். கதிரையில் இருந்து காலை நீட்டிக்கொண்டு, பரீதா தேத்தண்ணி ஊத்துங்க, உங்கட மகன் அங்க இருந்துகொண்டே ஊருக்கு வழி காட்டிட்டான் என்றார். நான் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், என்ன வழி என்று கேட்டேன். பொம்புளைத் துறையில கரும்பாறைக்குக் கீழ ஒரு மடு இருக்காம், கோடையிலயும் வத்தாதாம், மூண்டு பக்கமும் மறைவாம், அடியில தண்ணி மெல்ல ஓடிக்கொண்டே இருக்குமாம், கரையில சின்ன ஓலைக் கொட்டிலாய் ஒரு வாடி போட்டாக் காவலும் லேசாம், இவ்வளவு நாளும் எங்கள் ஒருத்தனுக்கும் இது தெரியாது பாருங்க என்று சொல்லிச் சிரித்தார். கையில் இருந்த மீனைச் சட்டிக்குள் போட்டேன். அந்த மனிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிலிப்பைனில் இருக்கிறவனுக்கு எங்கள் துறையின் அடி எப்படித் தெரியும் என்று பள்ளி முற்றத்தில் இருந்த ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்த பிள்ளை, ஏதோ படத்தை வைத்துக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று நினைத்தார்களாம்.

படமாம் படம். நீ எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, என் இடுப்பில் இருந்து பார்த்ததை எழுதினாய். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளை அந்தத் துறையைக் காண்பது உம்மாவின் கையில் தொங்குகிற வயது வரைக்கும்தான், சுன்னத்து வைத்த அன்றோடு அந்தப் பாதை அவனுக்கு மூடிவிடும். உன் வாப்பாவைக் கேட்டால் அங்கே இருக்கிற பாறை கறுப்போ வெள்ளையோ தெரியாது என்பார். வள்ளத்தில் அந்தப் பக்கம் போகிறவன் மருதமரத்தடியில் நிறுத்திச் செருமுவான், உள்ளே சத்தம் கேட்டால் திரும்பிவிடுவான், மாடு தவறி அந்தப் பக்கம் போனால்கூட பெண்டாட்டியைத்தான் தேடி அனுப்புவான். சின்ன வயதில் அங்கே கண்டதை எவனும் வளர்ந்த பிறகு வாயால் சொல்லுவதில்லை. சொல்லாதே என்று யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை, அது தானாய் வருகிற வெட்கம். உனக்கு மட்டும் அந்த வெட்கம் எந்தக் கடலைத் தாண்டும்போது விழுந்தது என்று கேட்கிறேன். அந்த மடுவின் ஆழம் உனக்கு எப்படித் தெரியும், அதற்குள் மூழ்கினவன் நீ. நான் புடவைக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டிருக்க, வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பெரிய நீச்சல்காரன் மாதிரிப் போய், குடம் வழுக்கி நீ உள்ளே போனாய். பாய்ந்து முக்குளித்து உன் தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்தவ என் கூட்டாளி ஜெமீலாச் சாச்சி. உன்னைப் பாறையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தண்ணீர் கக்க வைத்ததும் அவதான். வாப்பா அறிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று அன்றைக்கு அங்கே நின்ற ஒருத்தியும் ஊருக்குள் மூச்சு விடவில்லை. இன்றைக்கும் உன் வாப்பாவுக்கு அது தெரியாது. எத்தனை பெண்கள், எத்தனை வருசம், உனக்காகவும் எனக்காகவும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நீ என்ன செய்தாய், அடியில தண்ணி காலை இழுக்குது உம்மா என்று அன்றைக்கு அழுதுகொண்டு சொன்னதை, இப்போது தண்ணீர் ஓட்டம் உண்டு என்று எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாய். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதை என் வயிற்றில் பிறந்தது செய்யும் என்று நினைக்கவில்லை.

மற்ற நாள் விடிய நான் வாளியும் புடவையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனனான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆம்பிளைகளுக்கு விளங்காதது அவர்களுக்கு ஒரு நிமிசத்தில் விளங்கியிருந்தது. நான் இறங்க இறங்க, தண்ணீரில் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாய்க் கரைக்கு ஏறினார்கள். ஒருத்தியும் ஏசவில்லை, ஏசினால் நானும் திருப்பி ஏசலாம், எனக்கா வாய் இல்லை. துவைத்ததையும் துவைக்காததையும் ஒன்றாய் வாளியில் திணித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஜெமீலாதான் கடைசியாய் ஏறினா. தலையைப் பிழிந்துகொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னா, அண்டைக்கு அந்த மயிரை விட்டிருக்கலாம் புள்ள, எட்டிப் பிடிச்சது என்ட பிழை என்று. வேறு எவளாவது என் பிள்ளையைப் பார்த்து அப்படி ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளின் கொண்டையைப் பிய்த்துக் கையில் கொடுத்திருப்பேன். ஜெமீலாவுக்கு நான் என்ன சொல்ல. உன்னைப் பெற்றதில் இருந்து நான் ஒருத்திக்கு முன்னாலும் தலை குனிந்ததில்லை, அன்றைக்குக் குனிய வைத்தாய். அதற்குப் பிறகு என் வீட்டு வேலிக்கு மேலால் ஒரு கறிவேப்பிலை கேட்கக்கூட ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு துறை போனால் என்ன, வேறு இடத்தில் குளித்தால் சரிதானே என்று நீ நினைப்பாய், உன் சாச்சாவும் அதைத்தான் சொன்னார். உங்களுக்குப் பள்ளி இருக்கு, கடையடி இருக்கு, சங்கம் இருக்கு, அலுப்பாய் இருந்தால் குளக்கட்டில் போய் இருந்து பீடி குடிக்க இடம் இருக்கு. எங்களுக்கு இந்தப் பூமியில் அந்த ஒரு துறைதான். முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாமியைப் பற்றியும் புருசனைப் பற்றியும் வயிறு குலுங்கச் சிரித்துக் கதைக்க வேறு எங்கே போறது. ஒருத்திக்குப் பிள்ளை தங்கினால் முதலில் தெரிவது அங்கேதான். ஒருத்தியின் முதுகில் அடித்த தழும்பு இருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும், அவளின் புருசனைப் பெற்றவளுக்கு யார் போய்ச் சொல்லுவது என்றும் அங்கேதான் முடிவாகும். இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தவன்தானே நீ.

உன் கடிதம் வந்த பிறகு அவர்கள் ஒரு நாளையும் வீணாக்கவில்லை, இந்தச் சுறுசுறுப்பை வயலில் காட்டியிருந்தால் நெல்லை வைக்க வீட்டில் இடம் இருந்திருக்காது. மூங்கில் சட்டத்துக்கு வெறும் எண்ணெய்ப் பரல்களை மிதக்கக் கட்டி, உள்ளே வலையைப் பை மாதிரித் தொங்கவிட்டு, கல்லில் பிணைத்து மடுவுக்கு மேலே நிறுத்தினார்கள். நீ திலாப்பியா என்கிற ஜப்பான் மீன் குஞ்சுகளைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து விட்டார்கள். கரையில் காவல் வாடிக்குக் கம்பும் நட்டார்கள், அந்த வாடியின் வாசல் சரியாய் எங்கள் துறையைப் பார்த்துத்தான் வரும். எங்களுக்குப் பதிலுக்கு மதகடியில் தகரம் அடித்து மறைப்புக் கட்டித் தந்தார்கள், சும்மா சொல்லக் கூடாது, புதுத் தகரம். நாலு பக்கமும் மறைத்தவர்களுக்கு மேலே குளக்கட்டு இருக்குது, அதில்தான் றோட்டுப் போகுது என்பது மட்டும் நினைவில் வரவில்லை. பஸ்ஸில் போகிறவன் யன்னலால் பார்த்தால் தகரத்துக்குள் இருக்கிறவளின் உச்சந்தலையில் இருந்து எல்லாம் தெரியும். ஸுல்பிகா ஒரு நாள் அங்கே போனாள். அவள் குறுக்குக் கட்டோடு தண்ணீரில் நிற்க, ட்ரக்டர் ஒன்று குளக்கட்டில் வந்து நின்றது, என்ஜினுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர்களாம். அந்த வயிற்றையும் வைத்துக்கொண்டு பிள்ளை கழுத்தளவுக்குக் குந்திக்கொண்டு இருந்திருக்கிறாள், அவர்கள் சுருட்டையும் குடித்துக் கதையும் முடித்துப் போகும் வரைக்கும். நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் பிறகு வெளிக்கிடவே இல்லை. கிணறு இந்தக் கச்சானுக்கு அடி தெரியக் கிடக்குது, ஒரு வாளி இறைத்தால் அரை வாளி சேறு. நான்தான் குளத்துத் தண்ணீர் சுமந்து வந்து அவளுக்கு வார்க்கிறேன். கூடப் பிறந்த நானா வந்தாலும் நான் அவரோட கதைக்கமாட்டன் எண்டு எழுதுங்க உம்மா என்று சொன்னாள், எழுதிவிட்டேன். நீ அனுப்பின சட்டைத் துணி அலுமாரியில் கிடக்குது, அவள் தொட்டும் பார்க்கவில்லை. வாப்பாவுக்கு நான் சோறு வைக்கிறேன், கறி வைக்கிறேன், கதை மட்டும் வைப்பதில்லை.

இனி நடந்ததைக் கேள். ஒரு நாள் விடியப் பெண்கள் எல்லாரும் பழையபடி வாளியும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு பொம்பிளைத் துறைக்கே போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். யார் சொல்லிப் போனார்கள் என்று கேட்காதே, ஜெமீலாவின் வேலை என்று எனக்குத் தெரியும், எனக்கு ஒருத்தியும் சொல்லவில்லை. சங்கத்து ஆட்கள் தவிட்டு மூட்டையோடு வள்ளத்தில் வந்து மருதமரத்தடியில் நின்று செருமினார்களாம். வழமையில் செருமல் கேட்டால் பெண்கள் கெதியாய் ஏறி விடுவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் ஏறவில்லை. பெண்கள் தண்ணீரில் இருக்க ஒருத்தனும் மரத்தைத் தாண்டி வர ஏலாது, அது அவர்களின் வாப்பாமார் காலத்து ஒழுங்கு. செருமிச் செருமித் தொண்டை வறண்டு திரும்பிப் போனார்கள். மத்தியானம் வந்தார்கள், அப்போதும் தண்ணீரில் ஆள். பின்னேரம் அஸருக்குப் பிறகு வந்தார்கள், அப்போது வேறு ஆட்கள். முறை போட்டு இறங்கினார்கள் மகன், விடியச் சுபஹில் இருந்து பொழுதுபட மஃரிப் வரைக்கும் அந்தத் துறையில் ஒருத்தியாவது இருப்பாள். இருட்டின பிறகு போகலாம்தான், ஆனால் இருட்டில் ஆனை இந்தக் கரைக்கும் வரும், வாடியும் கட்டி முடியவில்லை, ஆனைக்கும் எங்கள் ஆம்பிளைகளுக்கும் அவ்வளவு ஒற்றுமை இல்லை. வீட்டில் புருசன்மார் கேட்டார்கள், என்ன புள்ள இவ்வளவு நேரம் குளிப்பு என்று. இன்னும் அழுக்குப் போகல்ல என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். சாச்சா பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்காரிடம் போய் முறையிட்டார். மரைக்கார் என்ன செய்வார், பொம்புளையள் தங்கட துறையில குளிக்கிறாங்க, அதுல நான் என்ன குற்றம் காண, எப்ப ஏறுவீங்க எண்டு வேணுமெண்டாப் போய்க் கேளுங்க என்றாராம். கேட்கப் போகிறவன் துறைக்குப் போக வேணுமே. அங்கே நின்றுவிட்டது அவர்களின் வழக்கு.

மீன்கள் பாவம், அதுகள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறந்துகொண்டு வலைக்குள் மேலே மேலே வந்ததைப் பார்த்துப் பெண்கள் மடியில் தவிடு கொண்டுபோய்ப் போட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் ஆம்பிளைகளுக்குத் தைரியம் வந்துவிடும். செத்து மிதந்தால் எங்கள் தண்ணீர்தானே நாறும். ஆனபடியால் நீ குஞ்சுகளைப் பற்றிக் கவலைப்படாதே, உன் கூடுகளுக்குத் தீனி போடுவது நீ யாரின் துறையைப் பிடுங்கினாயோ அவர்கள்தான்.

எனக்கு அந்த முறையில் ஒரு இடமும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மத்தியான நேரத்தில் ஆள் குறைவதை நான் கண்டேன், அது சமையல் நேரம், கச்சான் நெருப்பாய் அடிக்கிற நேரம், அந்த நேரத்தில் இருக்க ஒருத்திக்கும் விருப்பம் இல்லை. விடியவே சமைத்து மூடி வைத்துவிட்டு நான் போனேன். இருந்தவள் என்னைக் கண்டு எழும்பிப் போனாள், நல்லது என்று நான் இறங்கிக் கழுத்தளவுக்கு இருந்துகொண்டேன், தலைக்கு ஒரு ஈரத்துண்டு. அப்படியே நாலைந்து நாள் தனியாய்ப் போயிருந்தேன். ஒரு நாள் சாச்சா வந்துவிட்டார். தனி ஆள் என்று யாரோ சொல்லியிருக்க வேணும். மருதமரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மரத்தோடு கதைக்கிற மாதிரி, மதினி, நீங்க மட்டும்தானே இருக்கிறீங்க, கொஞ்சம் ஏறினா நாங்க தீனியைப் போட்டுட்டுப் போயிடுவம், இது உங்கட மகன் காட்டின இடம், நீங்களே இப்பிடிச் செய்யலாமா என்றார். நான் ஈரத்துண்டை மறுபடி நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். போய் உன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, பரீதா, ஊர் சிரிக்குது, ஏறி வாங்க, பிள்ளையின் பேர் கெட்டுப் போகும் என்றார். முப்பது வருசமாய் அந்த மனிசன் ஒரு சொல் சொல்லி நான் மீறினதில்லை, அது உனக்குத் தெரியும். இன்னும் அழுக்குப் போகல்ல என்று அங்கிருந்தே சத்தமாய்ச் சொன்னேன். பிறகு துடுப்புச் சத்தம் தூரமாய்ப் போச்சு.

பாறைக்குப் பின்னால் ஜெமீலா நின்றிருக்கிறா, எனக்குத் தெரியாது. இறங்கி வந்து பக்கத்தில் இருந்தா. காலை நீட்டு புள்ள, விறைச்சுப்போயிருக்கும் என்று சொல்லி என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்தா. நான் அழுதேன் மகன், ஏன் மறைக்க. அவவும் முகத்தைத் தண்ணீரில் கழுவிக் கழுவி இருந்தா. ஆனால் நீ உடனே சந்தோசப்படாதே, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனா, உனக்கு நாங்க முறை தாறம், வா, ஆனா உன்ட மகன்ட பேனையால போனது அவன்ட பேனையாலதான் திரும்பி வரவேணும், அதுவரைக்கும் என்ட வீட்டு வாசலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வராதே என்று. நான் சரி என்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பொய் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. மடு ஆழமில்லை என்றோ மீன் வளராது என்றோ எழுதாதே, ஆழம்தான், வளரத்தான் செய்யும், உன் படிப்பில் பிழை இல்லை. கூடே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, ஊருக்கு நாலு மீன் கிடைத்தால் எனக்கும் கறிதான். வெட்டுக்கல் மூலை நல்ல இடம் என்று இராஜநாயகம் ஐயா சொன்னவர், அதை நீயும் உன் கடிதத்தில் இரண்டாவது இடமாய் எழுதியிருந்தாயாம், வாப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதையே முதலாவதாய் எழுது. அலுப்புப் பாராமல் வள்ளம் வலியுங்கள், ஆனைக்குத் தீப்பந்தம் பிடியுங்கள் என்று எழுது. கூட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போகலாம், மிதக்கிற சாமான்தானே, துறையை அப்படி இழுத்துக்கொண்டு போக ஏலாது. பிறகு இன்னொரு வரி எழுத வேணும். பொம்பிளைத் துறையைக் காட்டினது என் பிழை, அது எனக்குக் காட்ட உரிமை இல்லாத இடம் என்று உன் கையெழுத்தில் எழுது. எப்படித் தெரியும் என்று எழுத வேண்டாம், அதை எழுதினால் பழையதை எல்லாம் கிளற வரும், என்னையும் பெண்களையும் மறுபடி சந்தியில் நிறுத்தாதே. முந்தின கடிதத்தை வாசித்த மாதிரியே இதையும் ஜும்ஆ முடிந்து முற்றத்தில் உரத்து வாசிக்க வேணும் என்றும் எழுது, இல்லாவிட்டால் உன் சாச்சா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறந்துபோவார்.

ஏசினாலும் உனக்கு துஆக் கேட்காமல் ஒரு வக்துத் தொழுகையும் நான் முடித்ததில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் நல்ல புத்தியையும் தரட்டும், படித்து முடித்து நல்லபடியாய் ஊர் வந்து சேர வைக்கட்டும். அங்கே பன்றி இறைச்சி கலக்கிற கடைகளில் சாப்பிடாதே, முட்டையும் சோறும் என்றாலும் உன் கையால் ஆக்கித் தின். மழையில் நனைந்தால் தலையை உடனே துவட்டு, உனக்குச் சளி கெதியில் நெஞ்சில் பிடிக்கும். ஸுல்பிகாவுக்குப் பிள்ளை பிறந்தால் தந்தி அடிக்கச் சொல்லுகிறேன்.

கடைசியாய் ஒன்று, இதை நினைவில் வைத்துக்கொள். நோன்புப் பெருநாளைக்கு நீ வருகிறாய் என்று உன் சாச்சா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். அபூதாஹிர் வந்து வள்ளத்தில நிண்டா மதினி எழும்பிடுவா, பெத்த மனம் பித்து, பிறகு மத்தவங்களும் ஏறிடுவாங்க என்று சொல்லி, வாடிக்கு ஓலையும் பின்னி வைத்திருக்கிறாராம். எல்லாப் பெண்களும் இதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீ வா மகன், உனக்கென்று கோழி வளர்க்கிறேன், வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டியும் எடுத்து வைக்கிறேன். ஆனால் கடிதம் வராமல் நீ மட்டும் வந்தால், கச்சான் அடிக்கிற மத்தியானத்தில் என்னை வீட்டில் தேடாதே. உன் சாச்சா உன்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வருவார், மருதமரத்தடியில் நிறுத்துவார், துடுப்பை உன் கையில் தருவார். அதற்கு அப்பால் தண்ணீரில் இருப்பது நான்தான். நீ செருமினாலும் எழும்பமாட்டேன், உம்மா என்று கூப்பிட்டாலும் எழும்பமாட்டேன். மரத்தைத் தாண்டி வள்ளத்தை விடுகிறாயா என்று பார்த்துக்கொண்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
சித்தி பரீதா முஹம்மது தம்பி